பிறகு நினைவூட்டு

கம்ப்யூட்டர் திரையின் ஓரத்தில் ஒரு சின்னப் பெட்டி எட்டிப் பார்க்கும். 'இப்போதே ரீஸ்டார்ட் செய்யட்டுமா, பிறகு நினைவூட்டட்டுமா?' என்று ரொம்ப மரியாதையாகக் கேட்கும். நீங்கள் எதை அழுத்துவீர்கள்?

நானும் அதைத்தான் அழுத்தினேன். ஒரு நாள் இரண்டு நாள் இல்லை, மூன்று வாரம்! அதற்கான பலனை நான் அனுபவித்திருந்தால் பரவாயில்லை. அனுபவித்தது கலைச்செல்வி.

மாதனூரில் ஒரு படிப்பகம் நடத்துகிறோம் என்பது இந்தப் பக்கத்தைத் தொடர்ந்து படிப்பவர்களுக்குத் தெரியும். நடத்துகிறோம் என்றால் நானும் இம்தியாஸ் பாயும். பாய் ஆம்பூரில் தோல் ரசாயன வியாபாரம் செய்பவர். நான் ஒரு ஷூ கம்பெனியின் ஏற்றுமதிப் பிரிவில் பல வருஷம் குப்பை கொட்டி ஓய்வு பெற்றவன். பாயின் காலி குடோனில் முன்பக்க அறைதான் படிப்பகம். அங்கே எட்டு கம்ப்யூட்டர்கள் இருக்கின்றன. ஒரு கம்பெனி தன் ஆபீஸைப் புதுப்பித்தபோது, 'எடுத்துக்கொள்கிறீர்களா?' என்று கேட்டது. எடுத்துக்கொண்டோம்.

கம்பெனி பஸ்ஸில் ஏறி ஷூ வேலைக்குப் போகும் பெண்கள்தான் எங்களுக்கு வாடிக்கை. ஞாயிற்றுக்கிழமை லீவில் வருவார்கள். போட்டித் தேர்வுக்குப் படிப்பார்கள். அப்ளிகேஷன் போடுவார்கள். கலைச்செல்வி அவர்களில் ஒருவர். தரம் பார்க்கும் பிரிவில் வேலை. தையல் கோணலா, பசை வெளியே தெரிகிறதா என்று நாள் முழுக்க ஷூவைத் திருப்பித் திருப்பிப் பார்க்க வேண்டும். படித்தது பி.சி.ஏ.

அன்றைக்கு ஓர் அரசு வேலைக்கு விண்ணப்பிக்கக் கடைசி நாள். மாலை ஐந்து மணிக்கு மூடிவிடுவார்கள். ஏன் கடைசி நாள் வரை இருந்தார் என்று கேட்காதீர்கள். ஷிப்மென்ட் நேரம், தினமும் ஓவர்டைம். ஒரு சான்றிதழ் கைக்கு வந்ததே முந்தின நாள்தான். வயது வரம்புப்படி அவருக்கு இதுதான் கடைசி வாய்ப்பு.

மூன்று மணிக்கு உட்கார்ந்தார். ஸ்கேனர் இணைந்திருப்பது ஒரே ஒரு கம்ப்யூட்டரில்தான். அதில் சான்றிதழ்களை ஸ்கேன் செய்து, பக்கம் பக்கமாகப் பூர்த்தி செய்துகொண்டு வந்தார். கடைசிக்கு முந்தின பக்கம். மணி நாலு அடிக்க ஐந்து நிமிடம் இருக்கும்.

"சார்... இன்னா சார் இது?"

ஓடிப்போய்ப் பார்த்தேன். திரை முழுக்க நீலம். நடுவில் ஒரு வட்டம் சுற்றிக்கொண்டிருந்தது. அப்டேட் நடக்கிறது, மூன்று சதவீதம் முடிந்திருக்கிறது, தயவுசெய்து அணைக்காதீர்கள்.

"நீ எதையாவது அழுத்திட்டியாம்மா?"

"நான் ஒண்ணும் பண்ல சார். அதுவா போய்டுச்சி."

பக்கத்துக் கம்ப்யூட்டருக்கு மாறலாம் என்றால், அதிலும் நீலம். எட்டும் ஒரே நாளில் வந்தவை, எட்டிலும் ஒரே நாளில் 'பிறகு நினைவூட்டு' அழுத்தியவன் நான். ஒவ்வொன்றாகச் சாய்ந்தன. ஆறாவது கம்ப்யூட்டரில் மாதிரித் தேர்வு எழுதிக்கொண்டிருந்த ஷாஹினா, எண்பது கேள்வி முடித்த நிலையில் கையைத் தூக்கிவிட்டு எழுந்தார்.

இம்தியாஸ் பாய் பிளக்கின் மேலே கையை வைத்தார். "சார், புடுங்கி மாட்டிப் பாக்கலாமா?"

"வேணாம் பாய். அணைக்காதேன்னு அதுவே எழுதியிருக்கு. பாதியில புடுங்கினா மொத்தமும் போய்டும்."

"அட, இது பெரிய பேஜாரா இருக்கே!"

மணி 4.10. பதினொரு சதவீதம்.

கலைச்செல்வி திரையைப் பார்ப்பதை நிறுத்தினார். பையிலிருந்து சான்றிதழ்களை எடுத்து மேஜையில் வரிசையாக வைத்தார். "சார், நீங்க நம்பர் எல்லாம் படிங்க. பாய், உங்க போன் குடுங்க. என்னுதுல கேமரா சரியில்ல."

கைபேசியின் சின்னத் திரையில் மறுபடியும் முதல் பக்கத்திலிருந்து ஆரம்பம். நான் பதிவு எண்ணைப் படிக்கிறேன், கலை தட்டுகிறார். பாய் ஜன்னலோரம் போய் வெளிச்சம் பார்த்துச் சான்றிதழைப் படம் பிடிக்கிறார். படத்தின் அளவு ஜாஸ்தி என்று இணையதளம் திருப்பி அனுப்புகிறது. ஷாஹினா அதை வாங்கிச் சின்னதாக்கித் தருகிறார். கையெழுத்துப் படம் கலங்கல் என்று திரும்பி வருகிறது. மறுபடியும் கையெழுத்து, மறுபடியும் படம். கடைசி நாள் கூட்டம் வேறு... பக்கம் திறக்கவே மாட்டேன் என்கிறது.

நான் ஒரு எண்ணைத் தப்பாகப் படித்தேன். அவசரத்தில் அடுத்ததையும் தப்பாகப் படித்தேன். கலை நிமிர்ந்து பார்த்து, "மெதுவா படிங்க சார். டைம் இருக்கு" என்றார். யாருக்கு யார் தைரியம் சொல்வது?

மணி 4.49க்கு விண்ணப்ப எண் வந்தது. அறையில் இருந்த அத்தனை பேரும் கை தட்டினார்கள். கம்ப்யூட்டர் அப்போது அறுபத்து நாலு சதவீதத்தில் இருந்தது.

கலை தண்ணீர் குடித்தார். முகத்தைத் துடைத்துக்கொண்டார். அப்புறம் கேட்டார்.

"சார், ஒண்ணு கேக்கட்டா? இது நம்ம கம்ப்யூட்டர்தானே?"

"தப்பு என்னுதும்மா. மூணு வாரமா தள்ளித் தள்ளிப் போட்டுட்டேன்."

"நீங்க தள்ளிப் போட்டது தப்புதான் சார். இல்லன்னு சொல்லல. ஆனா கடைசில கேக்காமயே செய்யப் போவுதுன்னா, முதல்ல எதுக்கு சார் கேக்குது?"

இதற்கு உங்களிடம் பதில் இருக்கிறதா?

அந்த வாரமே இன்னொரு செய்தி திரைக்கு வந்தது. இந்தக் கம்ப்யூட்டர் எங்களுடைய புதிய பதிப்புக்குத் தகுதி பெறவில்லை. புதிய கம்ப்யூட்டர் வாங்குவது பற்றி யோசியுங்கள். எட்டிலும் அதே செய்தி! தகுதி இல்லையா? காலையில் சுவிட்சைப் போட்டால் எழுந்துகொள்கிறது, எழுதச் சொன்னால் எழுதுகிறது, பிரின்ட் போடுகிறது. வேறு என்ன தகுதி வேண்டும்?

வேலூர் லாங் பஜாரில் தெரிந்த கடைக்குப் போனேன். தள்ளுவண்டிகளுக்கும் டூவீலர்களுக்கும் நடுவே என் ஸ்கூட்டரை நிறுத்த இடம் தேடுவதற்குள் பாதி ஆவேசம் தணிந்துவிட்டது. கடைக்காரர் விவரம் கேட்டார். நான் சொல்லி முடிப்பதற்குள் தலையை ஆட்டினார்.

"எட்டையும் எடைக்குப் போட்ருங்க சார். புதுசு எடுங்க. இன்னும் கொஞ்ச நாள்ல பாதுகாப்பு அப்டேட் நின்னுடும். அப்புறம் வைரஸ் வந்தா நம்ம பொறுப்பு இல்ல."

"நல்லா ஓடுதுங்களே?"

"ஓடும் சார். ஆனா இனிமே சப்போர்ட் கெடையாது."

அவர் சொன்னதில் பொய் இல்லை. அப்டேட் இல்லாத கம்ப்யூட்டரை நெட்டில் விட்டால் ஆபத்துதான். ஆனால் புதுசு எட்டு வாங்க எங்களுக்கு வக்கு இல்லை. வாங்கினாலும் இன்னும் சில வருஷத்தில் இதே செய்தி வராது என்று யார் உத்தரவாதம் தருவது? ஒரு பென்டிரைவ் மட்டும் வாங்கிக்கொண்டு திரும்பினேன். அது கலைச்செல்வி வாங்கி வரச் சொன்னது.

அடுத்த ஞாயிறு, பென்டிரைவைக் கையில் வைத்துக்கொண்டு அவர் சொன்னார். "கம்ப்யூட்டர ஓட்டற சாஃப்ட்வேரையே மாத்தி, லினக்ஸ் போட்டுப் பாக்கலாம் சார். காலேஜ்ல ஒரு செமஸ்டர் படிச்சோம். பழைய மெஷின்லயும் நல்லா ஓடும்."

பாய் முகத்தைச் சுளித்தார். "வெல இன்னா?"

"ஓசி பாய்."

"ஓசியா? வேணாம்மா. ஓசின்னா எங்கயாவது மாட்டி வுட்ருவான்."

"எழுதின புரோகிராமை எல்லாரும் பாக்கற மாதிரி திறந்தே வச்சிருக்காங்க பாய். மறைக்க ஒண்ணும் இல்ல."

பாய்க்கு நம்பவே முடியவில்லை. "ரெசிபியவே திறந்து வச்சிருக்கானா? எங்க தொழில்ல ஒரு கலர் எப்டி வந்துச்சின்னு கேட்டா, கூடப்பொறந்தவனுக்கே சொல்ல மாட்டான்!"

எனக்கு வேறு பயம். இத்தனை வருஷமாக இந்தப் பக்கத்துக்கு எழுதிய பத்திகள் எல்லாம் பழைய ஃபான்ட் ஒன்றில் இருக்கின்றன. நான் தட்டுவது பழைய டைப்ரைட்டர் முறையில். விரல்களுக்குப் பழகியது அதுதான். புதுசுக்கு மாறி, தமிழ் வராமல் போனால்? இந்த வயதில் 'அ' எங்கே இருக்கிறது என்று மறுபடியும் தேட வேண்டுமா? வெளியே, 'அவசரப்பட வேண்டாம்மா, யோசிப்போம்' என்று பெரிய மனிதன் மாதிரி சொன்னேன். உள்ளே இருந்தது வெறும் பயம்.

கலை சிரித்தார். "சாம்பிள் போடாம யாராவது புரொடக்‌ஷனுக்குப் போவாங்களா சார்? ஒண்ணே ஒண்ணுல போடுவோம். ரெண்டு வாரம் பாப்போம். சரியில்லன்னா ரிஜெக்ட்."

ஷூ கம்பெனியில் பல வருஷம் இருந்தவனிடம் இப்படிப் பேசினால் என்ன பதில் சொல்வது? சரி என்றேன்.

முதல் ஆச்சரியம், எதையும் அழிக்காமல் பென்டிரைவிலிருந்தே ஓட்டிப் பார்க்க முடிந்தது. இரண்டாவது, பிரின்டர். அதன் சிடி எங்கே போனது என்று நான் அலமாரியைக் குடைந்துகொண்டிருந்தபோதே, பின்னால் பிரின்டர் காகிதம் துப்பும் சத்தம் கேட்டது. யாரும் எதையும் நிறுவவில்லை. அதுவே கண்டுபிடித்துக்கொண்டது.

மூன்றாவது என் பத்திகள். ஒரு பழைய ஃபைலைத் திறந்தேன். திரை முழுக்கக் கிறுக்கல். கலையைக் கூப்பிட்டேன். "இருங்க சார்" என்று கலை அந்தப் பழைய ஃபான்ட்டை நிறுவினார். எழுத்துகள் மெல்லத் தமிழாயின. அதோடு விடவில்லை. "இப்பிடியே வச்சிருந்தா என்னிக்காவது போய்டும் சார். எல்லா கம்ப்யூட்டர்லயும் தெரியற யூனிகோடுக்கு மாத்திருவோம்" என்று அத்தனையையும் மாற்றினார். நான் வருஷக்கணக்காகத் தள்ளிப்போட்டு வந்த வேலை, இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளில் முடிந்தது. டைப்ரைட்டர் விசை முறையும் அதில் இருந்தது. என் விரல்களுக்கு ஒரு வித்தியாசமும் தெரியவில்லை.

எல்லாமே தேன் என்று சொல்ல மாட்டேன். அரசுத் தட்டச்சுத் தேர்வுக்கு எங்கள் பெண்கள் பயிற்சி எடுக்கும் ஒரு மென்பொருள் அதில் ஓடவே இல்லை. என்னென்னவோ செய்து பார்த்தார் கலை. கடைசியில், "இதுக்குப் பழசே இருக்கட்டும் சார். வீம்பு வேணாம்" என்றார். அதனால் ஒரு கம்ப்யூட்டரை மட்டும் பழையபடியே விட்டு, அதன் நெட் கேபிளைக் கழற்றிவிட்டோம். பிறகு மாற்றிய இன்னொன்றில் வைஃபை பிடிக்க மூன்று நாள் ஆனது. அந்த மூன்று நாளும் நான் கடைக்காரரைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். பொய் சொல்வானேன்?

உண்மையான பரீட்சை ஷாஹினாதான். தையல் பிரிவில் வேலை செய்பவர். கம்ப்யூட்டரைப் பற்றிப் பெரிதாக ஒன்றும் தெரியாது, தெரிந்துகொள்ள ஆர்வமும் இல்லை. அவரிடம் ஒன்றும் சொல்லாமல் புதுசின் முன்னால் உட்கார வைத்தோம். பிரவுசரைத் திறந்தார். மாதிரித் தேர்வு எழுதினார். விடைத்தாளைப் பிரின்ட் எடுத்தார். நாங்கள் மூன்று பேரும் பின்னாலேயே நின்று பார்த்தோம். எழுந்தவர் கேட்ட ஒரே கேள்வி...

"இன்னிக்கு நல்லா ஸ்பீடா இருக்கே சார். நெட்டு மாத்திட்டீங்களா?"

அந்த வாரமே மற்ற ஆறும் மாறின.

ஒன்று புரிந்தது. நம்மில் பெரும்பாலோர் பயன்படுத்துவது கம்ப்யூட்டரை இல்லை. அதில் ஒரு பிரவுசர், ஒரு எழுதும் பக்கம், ஒரு பிரின்ட் பட்டன்... அவ்வளவுதான். அதற்காகக் கூடவே வரும் விளம்பரங்கள், கேட்காத செயலிகள், நினைத்த நேரத்தில் வரும் நீலத்திரை எல்லாவற்றையும் 'கம்ப்யூட்டர்னா அப்படித்தான்' என்று பொறுத்துக்கொள்கிறோம். அப்படித்தான் என்று நமக்கு யார் சொன்னது?

புதுசிலும் அப்டேட் உண்டு. ரீஸ்டார்ட்டும் உண்டு. ஆனால் எப்போது என்று நான் சொல்கிறேன். சனிக்கிழமை காலை பத்து மணிக்குச் செய்துவிடுகிறேன், தள்ளிப்போடுவதில்லை. அந்தப் பாடம் எனக்கு, கம்ப்யூட்டருக்கு இல்லை.

உங்களை எல்லாம் உடனே மாறச் சொல்கிறேனா? இல்லை. உங்கள் ஆபீஸ் மென்பொருள் அதில் ஓடாமல் இருக்கலாம். சாம்பிள் போட்டுப் பாருங்கள், ஒத்துவராவிட்டால் விட்டுவிடுங்கள். மாறவே முடியாது என்று மட்டும் பாராமலே நம்பிவிடாதீர்கள். நான் அப்படி நம்பியவன்தான்.

கலைச்செல்விக்கு ஹால் டிக்கெட் வந்தது. வேலூர் சென்டரில் தேர்வு எழுதினார். "கணக்கு மட்டும் கொஞ்சம் கஷ்டம் சார், மத்தது ஓகே" என்றார். முடிவு இன்னும் வரவில்லை. இப்போதெல்லாம் ஞாயிறு மதியம் தன்னுடன் வேலை செய்யும் பெண்கள் நாலைந்து பேருக்கு லினக்ஸ் சொல்லித் தருகிறார். இம்தியாஸ் பாய் தன் கடைக் கம்ப்யூட்டரையும் மாற்றித் தரச் சொல்லி, அந்த வகுப்பில் கடைசி நாற்காலியில் வந்து உட்காருகிறார்.

குறையே இல்லையா என்று கேட்பீர்கள். இருக்கிறது. இரண்டு கம்ப்யூட்டரில் இன்னும் சத்தம் வரவில்லை. படிப்பகத்தில் இதுவரை யாரும் புகார் செய்யவில்லை!