இரண்டாம் சந்தேகநபர்: வைரவர்

மொழிபெயர்ப்பாளர் வேலைக்கான பரீட்சையில் வருகிற சொல் ஒன்றும் வேலையில் வராது. வேலையில் வருகிற சொல் ஒன்றும் பரீட்சையில் வராது. எனக்குப் பரீட்சையில் வந்தது "பேண்தகு அபிவிருத்தி". வேலைக்குச் சேர்ந்த முதல் கிழமை வந்தது, "அவன் கதியாலை ஒரு சாண் தள்ளி நட்டிட்டு, நான் தள்ளினனான் எண்டு எனக்கே சத்தியம் பண்ணுறான்." வேலிக்கு நடுகிற கதியாலுக்குச் சிங்களத்தில் என்ன சொல் என்று நான் யோசித்து முடிக்க முதல் இரண்டு பேரும் கைகலந்துவிட்டார்கள்.

தீவுப்பகுதிப் பொலிஸ் நிலையம் ஒன்றில், தமிழுக்கும் சிங்களத்துக்கும் நடுவில் எனக்கு வேலை. வழக்கு நீதிமன்றத்துக்குப் போனால் அங்கேயும் போய் நிற்பேன். எங்கள் பக்கத்தில் இந்த வேலைக்கு ஆள் தட்டுப்பாடு. மாமியாருக்கும் மனுசனுக்கும் நடுவில் கதை காவியவர்கள், வெளிநாட்டு ஆஸ்பத்திரியில் டொக்டருக்கும் தாய்க்கும் நடுவில் நின்றவர்கள், உங்களுக்கெல்லாம் என் பாடு விளங்கும். கீழே வருபவை எல்லாம் ஒரே வழக்கில் எனக்கு நடந்தவை.

விலாசம்

புங்குடுதீவுத் தவமணி அக்காவுக்கு அறுபது தாண்டியிருக்கும். தம்பிமார் எல்லாரும் கனடாவில். பரம்பரைக் காணியில் மிஞ்சியிருப்பது அக்காவும் பூவரச மரத்தடியில் சூலமாக நிற்கிற குடும்ப வைரவரும்தான். வருசத்துக்கு ஒரு முறை அக்கா அவருக்கு மடை போடுவார். சோறு, வடைமாலை, வாழைப்பழம், சுருட்டு, ஒரு சிரட்டை கள்ளு. கடைசியாக ஒரு வெற்றிலையில் ஒரு சிட்டிகை கஞ்சா. தகப்பன் காலத்திலிருந்து அதுதான் முறை. அந்த வருசம், கடலால் வருகிற கடத்தல் பொதிகளைத் தேடிப் பொலிஸ் கடலுக்கு நடுவால் போகிற தாம்போதியில் பஸ்ஸை மறித்தது. பொதி ஒன்றும் அகப்படவில்லை. அக்காவின் பனையோலைப் பைக்குள், கற்பூரத்துக்கும் சுருட்டுக்கும் நடுவில், கடதாசியில் சுற்றிய ஒரு சின்னச் சுருள் அகப்பட்டது.

வாக்குமூலம் எழுதியவர் மாத்தறைப் பக்கத்துச் சிங்களச் சார்ஜன்ட். ஓய்வு பெறுகிற வயது, முத்து முத்தான கையெழுத்து. "இது ஆருடையது?" என்று கேட்கச் சொன்னார். கேட்டேன். "வைரவற்ற" என்றார் அக்கா. சார்ஜன்ட் பெயரை எழுதினார். தகப்பன் பெயர்? "சிவபெருமான்." அதையும் எழுதினார். தொழில்? "காவல்." எங்கே? "எங்கட ஒழுங்கையில." கேட்டதை மட்டும் சொல், விளக்கம் வைக்காதே என்பது எங்களுக்குச் சொல்லித் தந்த விதி. நானும் விதிப்படி நடந்தேன். சார்ஜன்ட் கோடு இழுத்து, இரண்டாம் சந்தேகநபர் தலைமறைவு என்று எழுதி முடித்தார். என்ன எழுதுகிறார் என்று அக்கா கேட்டார். சொன்னேன்.

"தலைமறைவோ? அவர் எங்கையும் ஓடேல்லை, அந்தப் பூவரசடியிலதான் நிக்கிறார், போய்ப் பாக்கச் சொல்லும் பிள்ளை."

புதையல்

இனியும் பேசாமல் இருந்தால் வைரவருக்குப் பிடியாணை போய்விடும் என்ற பயத்தில் விதியை மீறினேன். "வைரவர் ஆளில்லை, தெய்வம். உங்கட பக்கத்தில பஹிரவ எண்டு சொல்லுவியள்" என்றேன். சார்ஜன்ட் பேனையை வைத்தார். கதிரையைக் கொஞ்சம் பின்னால் தள்ளினார். அவர்களுடைய ஊரில் பஹிரவ என்றால் நிலத்துக்கடியில் புதையலைக் காக்கிறவர். களவாகப் புதையல் தோண்டுகிறவர்கள் முதலில் அவருக்குத்தான் படைப்பார்களாம். அது எனக்கு அப்போது தெரியாது. "எங்க தோண்டினவை?" என்று சார்ஜன்ட் குரலைத் தாழ்த்திக் கேட்டபோதுதான், நான் ஒரு குற்றத்தோடு இன்னொரு குற்றத்தையும் சேர்த்து மொழிபெயர்த்துவிட்டேன் என்று விளங்கியது.

எங்கள் வைரவர் ஒழுங்கைக்குத்தான் காவல், புதையலுக்கு இல்லை என்று அரைமணித்தியாலம் மன்றாடினேன். அக்காவுக்குப் பொறுமை போய்விட்டது. என்ன கதைக்கிறீர்கள் என்று அதட்டினார். நீங்கள் புதையல் எடுக்கப் போனனீங்களோ என்று சார்ஜன்ட் கேட்கிறார் என்றேன்.

"அங்க புதையல் இருந்திருந்தா என்ர தம்பிமார் ஏன் பிள்ளை கனடாவுக்குப் போறாங்கள்?"

போயா நாளும் பூசையும்

வழக்கு நாள். நீதிமன்ற விறாந்தையில் அக்காவும் நானும் ஒரே மர வாங்கில் இருந்தோம். தம்பிமார் கனடாவிலிருந்தே ஒரு இளம் சட்டத்தரணியை ஒழுங்கு செய்திருந்தார்கள். அவர் நிற்கவும் மாட்டாமல் இருக்கவும் மாட்டாமல் நடந்துகொண்டிருந்தார். சமய சுதந்திரம், அரசியலமைப்பு, கொழும்பு வரை கொண்டுபோகலாம் என்று அவருக்கு ஒரே சந்தோசம். அக்கா அதைக் காதில் எடுக்கவில்லை. என் கழுத்துச் சிலுவையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"போன மாசம் ஒரு ஞாயிற்றுக்கிழமை பௌர்ணமிப் போயா வந்தது. சாராயக்கடை எல்லாம் பூட்டு. உங்கட சுவாமியார் பூசையில வைன் எடுத்தவரோ?" என்று கேட்டார். ஓம் என்றேன். "பொலிஸ் வந்ததோ?" இல்லை என்றேன். போயாவில் விற்கத்தான் தடை, வைன் கஞ்சா மாதிரித் தடைசெய்த பொருள் இல்லை, அதோடு நாங்கள் அதை வைனாக எடுப்பதில்லை, அது கர்த்தருடைய இரத்தம் என்று வரிசையாகச் சொன்னேன். சொல்லச் சொல்ல, தாம்போதியில் மறித்த பொலிஸுக்கு அக்கா விளக்கம் சொல்லுவது போலவே என் குரலும் கேட்டது. அக்கா பகிடி பண்ணவில்லை. இரத்தம் என்றதும் கையெடுத்துக் கும்பிட்டார். பிறகு சொன்னார்:

"சட்டம் எழுதேக்க உங்கட ஆக்களை ஆரோ கேட்டிருக்கினம் பிள்ளை. எங்கட வைரவரைத்தான் ஒருத்தரும் கேக்கேல்லை."

மண்டைதீவு அம்மா

அதே வாங்கின் மற்ற நுனியில் மண்டைதீவிலிருந்து வந்த ஒரு அம்மா, மடியில் சாப்பாட்டுப் பார்சலோடு இருந்தார். மகனுக்கு இருபத்திரண்டு வயது. கஞ்சாவோடு பிடிபட்டு வருவது அது மூன்றாம் தரம். முதலில் தகப்பனோடு கடலுக்குப் போனவனாம். இப்போது காலையில் எழுப்பினால் தாயை ஆரென்று கேட்கிற மாதிரிப் பார்ப்பானாம். சட்டத்தரணி எங்களுக்குப் பெரிய குரலில் விளக்கிக்கொண்டிருந்ததை எல்லாம் அந்த அம்மா கேட்டுக்கொண்டே இருந்தார். "வைரவருக்கெண்டு சட்டம் விட்டால் என்ர மகன் நாளைக்கே ஒரு கோயில் கட்டிப்போடுவான்" என்றார். சட்டத்தரணி சிரித்தார், நானும் சிரித்துவிட்டேன். அந்த அம்மா சிரிக்கவில்லை. தவமணி அக்காவும் சிரிக்கவில்லை.

கொஞ்ச நேரம் கழித்து அந்த அம்மா நகர்ந்து அக்காவுக்குப் பக்கத்தில் வந்தார். "கோபிக்காதேங்கோ அக்கா. உங்களுக்கு அதை ஆர் கொண்டுவந்து தந்தது?" என்று கேட்டார். பொலிஸ் எத்தனை தரம் கேட்டும் அக்கா வாய் திறக்காத கேள்வி அது. அக்கா குனிந்து அவருடைய காதில் ஒரு பெயரைச் சொன்னார். அந்த அம்மா தலையாட்டினார். கோபமில்லாமல்தான் சொன்னார், கோபப்பட்டிருந்தால் எங்களுக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

"அவன்தான் அக்கா என்ர பிள்ளைக்கும் குடுக்கிறவன்."

முகாமில் தேயிலை

நீதவான் எங்கள் பக்கத்து ஆள். வழக்கு தமிழில் நடந்தது. நான் சார்ஜன்டின் காதுக்கு மட்டும் சிங்களம் சொல்லிக்கொண்டு நின்றேன். சட்டத்தரணி நன்றாகத்தான் பேசினார். நீதவான் முழுவதையும் கேட்டுவிட்டு, ஒருவர் எதை நம்புகிறார் என்பதற்குச் சட்டம் எல்லை போடாது, எதைச் செய்கிறார் என்பதற்குப் போடும் என்றார். பிறகு அக்காவைப் பார்த்து, "அந்த இலை இல்லாமல் ஒரு முறையும் மடை போடேல்லையோ?" என்று கேட்டார்.

"ஒருக்காப் போட்டனான் ஐயா. சண்டைக்குள்ள இடம்பெயர்ந்து முகாமில இருக்கேக்க. சூலத்தைச் சாக்கில சுத்திக் கொண்டு போனனாங்கள். அங்க ஒண்டுமில்லை. தேத்தண்ணி போடுற தேயிலைத்தூளில ஒரு சிட்டிகை எடுத்து வைச்சனான்." நீதவான் முன்னால் சாய்ந்தார். "அப்ப வைரவர் தேயிலையை ஏற்றுக்கொண்டவரோ?" பதில் ஓம் என்றால் இலை கட்டாயமில்லை என்றாகி வழக்கு முடிந்தது என்று எனக்கே தெரிந்தது. சட்டத்தரணி கண்ணால் வேண்டாம் வேண்டாம் என்றார். அக்கா யோசித்துத்தான் சொன்னார். அதைச் சிங்களத்தில் சொன்னேன். சார்ஜன்ட், சொன்னது கேட்கவில்லை என்பது போல என்னை இன்னொரு தரம் சொல்லச் சொன்னார்.

"ஏற்றவரோ எண்டு நான் கேக்கேல்லை ஐயா. அவரும் அப்ப எங்களோட இடம்பெயர்ந்துதானே இருந்தவர்."

குற்றவாளியா, சுற்றவாளியா

சுற்றவாளி, அதாவது குற்றம் செய்யவில்லை, என்று சொல்லச் சொல்லி அக்காவுக்குச் சட்டத்தரணி காலையிலிருந்து படிப்பித்திருந்தார். நீதவான் கேட்டபோது அக்கா "குற்றவாளி" என்றார். சட்டத்தரணியின் முகத்தில் கொழும்புப் பயணம் ரத்தானது. ஏன் என்று நீதவான் கேட்டார். அக்கா விறாந்தைப் பக்கம் ஒருமுறை பார்த்தார். அங்கே அந்த அம்மா பார்சலை மடியில் வைத்தபடியே இருந்தார். அக்காவின் பதிலைக் கேட்டுவிட்டு நீதவான் நெடுநேரம் எழுதினார். கடைசியில் எச்சரித்து விடுதலை. சுருளை அழிக்கும்படி கட்டளை. ஆனால் நான் வீட்டுக்குக் காவிக்கொண்டு போனது தீர்ப்பை இல்லை, அக்காவின் பதிலை.

"கேக்கிற உரிமை வைரவருக்கு இருக்கு ஐயா, அதை நான் விட்டுத் தரமாட்டன். ஆனா அவருக்கெண்டு நான் வாங்கினது பிழையான கையில."

லேகியம்

வெளியில் வந்ததும் சார்ஜன்ட் என்னோடு கொஞ்சத் தூரம் நடந்தார். சின்ன வயதில் தனக்குக் காய்ச்சல் விடாமல் இருந்தபோது தாய் பேய் ஓட்டுகிற தொவில் ஆட்டம் வைத்ததையும், பேய்க்கு வைத்த தட்டில் இதே இலை இருந்ததையும் சொன்னார். தாம்போதியில் அந்தச் சுருளைப் பிரித்தபோதே வாசனையில் அம்மாவின் ஞாபகம் வந்ததாம். "ஆனா பையைத் திறந்தது நான். திறந்த பிறகு காணாத மாதிரி இருக்க ஏலாது" என்றார்.

அடுத்த லீவில் ஊருக்குப் போய் வந்தவர் ஒரு சின்ன டப்பா கொண்டுவந்தார். அனுமதிப்பத்திரம் உள்ள ஆயுர்வேதக் கடையில் வாங்கிய லேகியம். அதற்குள் அந்த இலை கொஞ்சம் சேருமாம், மருந்தென்றபடியால் சட்டம் விடுமாம். வைரவருக்கு இதை வைக்கலாம்தானே என்று கேட்டு, என்னையும் கூட்டிக்கொண்டு புங்குடுதீவுக்கு வந்தார். டப்பாவில் எழுதியிருந்ததை ஒரு வரி விடாமல் அக்காவுக்கு வாசித்துத் தமிழில் சொன்னேன்: பசியின்மை, வாயு, வயிற்றுப் பொருமல். அக்கா டப்பாவை இரண்டு கையாலும் வாங்கி, கண்ணில் ஒற்றி, திருப்பிச் சார்ஜன்டின் கையிலேயே வைத்தார்.

"வைரவருக்கு வயித்துக்கோளாறு ஒண்டும் இல்லைத் தம்பி, இதை நீர் சாப்பிடும்."

வெறும் வெற்றிலை

மடை நாள் மத்தியானம் எனக்கும் அழைப்பு. சோறு, வடைமாலை, பழம், சுருட்டு, கள்ளு எல்லாம் இருந்தன. கடைசியில் கழுவித் துடைத்த ஒரு வெற்றிலை, வெறுமையாக. தேயிலையாவது வைத்திருக்கலாமே என்றேன். வசதியாக வீட்டில் இருந்துகொண்டு அவரை ஏமாற்ற ஏலாது என்றார் அக்கா. கற்பூரத்தைக் கையில் எடுத்தவர் கொளுத்தாமல் நின்றார். எப்படிச் சொல்லித் தொடங்குவதென்று தெரியவில்லை என்றார். பிறகு என்னைப் பார்த்து, "கோட்டில நடந்தது உமக்குத்தான் வடிவாத் தெரியும். நீர் அவருக்கு ஒருக்கா விளங்கப்படுத்தும்" என்றார்.

பரீட்சையிலும் வராதது, பத்து வருச வேலையிலும் வராதது. செருப்பைக் கழற்றிவிட்டு, சிலுவையோடு சூலத்துக்கு முன்னால் நின்று, சட்டம் என்ன சொல்கிறது, நீதவான் என்ன சொன்னார், அக்கா எதை விட்டுத் தரவில்லை என்று எளிய தமிழில் சொன்னேன். விளக்கம் வைக்காதே என்ற விதியை அன்றும் மீறினேன். தீர்ப்பில் ஒரு வரிகூட இல்லாத மண்டைதீவு அம்மாவைப் பற்றியும், தாயைத் தெரியாத மாதிரிப் பார்க்கிற அந்தப் பெடியனைப் பற்றியும் சொன்னேன். அவனையும் கொஞ்சம் பார்த்துக்கொள்ளச் சொன்னேன். அதை அக்கா சொல்லச் சொல்லவில்லை, நானாகத்தான் கேட்டேன். அக்கா கற்பூரத்தைக் கொளுத்தினார்.

"சரியாத்தான் சொன்னீர் பிள்ளை. நானெண்டா இடையில அழுதிருப்பன்."

வைரவர் தீர்ப்பை ஏற்றுக்கொண்டாரோ மேன்முறையீடு செய்திருக்கிறாரோ, இன்றுவரை எனக்கு ஒரு அறிவித்தலும் வரவில்லை.