நான்குமுனைப் போட்டியும் என் வயிற்றெரிச்சலும்

கோவையில் ஒரு கல்லூரியில் புள்ளியியல் சொல்லிக்கொடுக்கிறேன். நான்குமுனைப் போட்டியில் ஒரு கட்சி இழக்கும் ஓட்டு மற்ற மூன்றுக்கும் எப்படிப் பிரியும் என்று வருடக்கணக்காகக் கணக்குப் போட்டுப் பார்க்கிறேன். ஒரு பத்திரிகைக்காரர்கூட என்னைக் கேட்டதில்லை. நாகர்கோவிலிலிருந்து வந்து இரண்டே வருடம் ஆன எங்கள் துறை ஆசிரியையைத் தேர்தல் கருத்துக்கணிப்பு நடத்தித் தரச் சொல்லித் தொலைக்காட்சிக்காரர்கள் தேடி வந்து கூப்பிட்டார்கள். அன்றைக்குக் கேன்டீன் காபி எனக்கு இறங்கவேயில்லை.

கருத்துக்கணிப்பு ஒளிபரப்பாவதற்கு முந்தின நாள் தன் கணக்கை என்னிடம் கொண்டுவந்தார். "நீங்க ஒருமுறை பார்த்துட்டா தைரியமா இருக்கும் சார். தப்பாப் போனா அடுத்து என்னை யாரும் கூப்பிட மாட்டாங்க."

பார்த்தவுடனே தெரிந்துவிட்டது. சிங்காநல்லூருக்கும் மதுக்கரைக்கும் மாணவிகளை அனுப்பி, ஒவ்வொரு கட்சியாகச் சொல்லி, "இவங்களுக்குப் போடுவீங்களா?" என்று கேட்டிருக்கிறார். எங்கள் ஊர்க்காரர்கள் முகத்துக்கு நேரே இல்லை என்பார்களா? நான்கு கட்சிக்கும் "போட்டுர்லாமுங்க அம்மணி" என்று சொல்லி, மோரும் கொடுத்து அனுப்பியிருப்பார்கள். கூட்டினால் நூறு சதவீதத்தைத் தாண்டி நின்றது. அவர் அதை அப்படியே நூறுக்குச் சுருக்கிவிட்டார். டெபாசிட் தேறாத கட்சியெல்லாம் வெற்றிக்குப் பக்கத்தில் வந்திருந்தது.

நானாக இருந்தால், "பக்கத்து ஊட்டுல யாருக்குங்க போடுவாங்க?" என்றுதான் கேட்பேன். அதற்கு மட்டும் பதில் டாண் என்று வரும். இதைச் சொல்ல ஒரு நிமிடம் போதும். ஆனால் அவர் பெயருக்குக் கீழே 'தேர்தல் நிபுணர்' என்று திரையில் ஓடப்போவதுதான் என் கண்முன் நின்றது.

"சரியாத்தானுங்க இருக்குது," என்றேன்.

ஓட்டு எண்ணிய அன்று அவர் சொன்னது மொத்தமும் கவிழ்ந்தது. டி.வி. முன்னால் உட்கார்ந்து ரசித்தேன். மறைப்பதற்கு என்ன இருக்கிறது? அரங்கில் உட்கார்ந்திருந்த அவரைப் பார்த்து நெறியாளர் சிரித்தபோது நானும் சிரித்தேன். "இந்தக் கணக்கை வேறு யாராவது சரிபார்த்தார்களா?" என்று நெறியாளர் கேட்டார்.

"தவறு என்னுடையதுதான்," என்று சொல்லி அவர் நிறுத்திக்கொண்டார். அதற்குப் பிறகு எனக்குச் சிரிப்பு வரவில்லை.

மறு வாரம் துறையில் புதிய கேள்வித்தாளோடு உட்கார்ந்திருந்தார். முதல் கேள்வியே பக்கத்து வீட்டைப் பற்றியது. யார் சொன்னது என்று கேட்டேன்.

"தாராபுரத்து மாணவி ஒருத்தி சொன்னா சார். இங்க முகத்துக்கு நேரா யாரும் இல்லைன்னு சொல்ல மாட்டாங்களாம்."

"நான் ஒருக்கா பார்த்துத் தரட்டுங்களா?" மனதாரத்தான் கேட்டேன்.

அவர் கேள்வித்தாளை மடித்துவைத்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"வேண்டாம் சார்," என்றார், முகத்துக்கு நேரே.