அடுக்களைக்கு வாங்கிய கண்ணாடி ஓடு

கண்ணாடி ஓட்டை ஒளித்து வைத்தது நான்தான். இத்தனை வருடம் கழித்துச் சொல்வதால் யாரும் கம்பெடுத்துக்கொண்டு வரமாட்டார்கள் என்ற தைரியம்.

போன மாதம் சித்தப்பா அந்த ஓட்டை உரச்சாக்கில் சுற்றி, பஸ்ஸில் மடியிலேயே வைத்துக்கொண்டு, நாகர்கோவிலில் இருக்கும் என் வீட்டுக்குக் கொண்டுவந்தார். பழைய வீட்டின் கூரையைப் பிரித்துவிட்டு கான்கிரீட் போடப் போகிறாராம். "உனக்க சாதனம். நீயே வச்சுக்கோ மக்கா," என்று கீழே இறக்கி வைத்தார். டீ குடித்துக்கொண்டே இன்னொன்றும் சொன்னார். அதைப் பிறகு சொல்கிறேன். முதலில் என் திருட்டு.

அருமனைக்கு மேற்கே ரப்பர் மரங்களுக்கு நடுவில் இருந்தது எங்கள் குடும்ப வீடு. தாத்தா கட்டிய ஓட்டு வீடு. அப்பா மஸ்கட்டில் இருந்தார். நானும் அம்மாவும் அப்பாவின் கடைசித் தம்பியான சித்தப்பாவும் அந்த வீட்டில் இருந்தோம். மழை வந்தால் நாங்கள் மூன்று பேரும் சட்டி, குடம், போணி என்று கையில் கிடைத்ததையெல்லாம் ஒழுகும் இடங்களில் வைப்போம். எனக்கு அது விளையாட்டாக இருந்தது. அம்மாவுக்கு எப்படி இருந்தது என்று கேட்டதில்லை.

எனக்கு ஒன்பது வயதான வருடம், வீட்டைப் புதுக்கிவிடலாம் என்று அப்பா போனில் சொன்னார். வெள்ளிக்கிழமைதோறும் கிழக்கு வீட்டு மாமியின் வீட்டுக்கு அப்பாவின் போன் வரும். வீட்டு வேலை முடிந்தால் ஆவணியில் ஊருக்கு வருவேன் என்றும் சொன்னார். எனக்கு அது போதும். சுவர் காய்ந்து, ஓடு ஏறினால் அப்பா வந்துவிடுவார் என்று நானே ஒரு கணக்குப் போட்டு வைத்துக்கொண்டேன். அதோடு, தட்டுமுட்டுச் சாமான் கிடந்த தெற்கு அறையை ஒழித்து, "இது இன்னி உனக்கு," என்று சித்தப்பா என் பாயையும் தலையணையையும் அங்கே கொண்டுபோய்ப் போட்டார். தனியாக ஒரு அறை! வகுப்பில் வேறு யாருக்கும் இல்லை. அதை நான் சொல்லாத ஆள் பாக்கி இல்லை.

எங்கள் பக்கம் கூரை பிரிப்பதற்குக் கூலிக்கு ஆள் வைப்பதில்லை. ஆசாரி ஒருவர் மேலே ஏறுவார், அவ்வளவுதான். மற்றதெல்லாம் அக்கம்பக்கத்து வீட்டுக்காரர்கள். கஞ்சி குடித்த கையோடு வந்து ஏணியிலிருந்து முற்றத்துக் கோடி வரை வரிசையாக நிற்பார்கள். ஓடு கைமாறிக் கைமாறி இறங்கும். கொடுப்பவர் "பிடி" என்பார். வாங்குபவர் "ஆச்சு" என்று சொல்லாமல் கொடுப்பவர் கையை விடக் கூடாது. நாளைக்கு அவர்கள் வீட்டுக் கூரை பிரியும்போது நாம் போய் நிற்க வேண்டும். இதற்கு எழுத்தும் கிடையாது, சாட்சியும் கிடையாது.

மே மாத விடுமுறை என்பதால் என்னையும் வரிசையில் சேர்த்துக்கொண்டார்கள். நான்தான் கடைசி. என் பக்கத்தில் கிழக்கு வீட்டு மாமி. அவரிடமிருந்து வாங்கி நான் அடுக்க, அம்மாவும் இன்னும் இரண்டு பெண்களும் தேங்காய்த் தொண்டால் ஓட்டுப் பாசியைத் தேய்த்துக் கழுவினார்கள். நான்கு நாள் அப்படியே போயிற்று. அம்மாவின் விரல் நுனியெல்லாம் தோல் உரிந்துவிட்டது. மத்தியானம் மரச்சீனிக் கிழங்கும் சாளைக் குழம்பும் எல்லோருக்கும் பரிமாறிவிட்டு, எரிச்சலுக்குப் பயந்து அம்மா மட்டும் கரண்டியால் சாப்பிட்டாள். "என்னம்மா, மைனி துரைசாணி ஆயாச்சே!" என்று சித்தப்பா அண்ணியைக் கேலி செய்தார். அம்மா சிரித்தாள். அந்த நாட்களில் அம்மா நிறையவே சிரித்தாள்.

"மாமி, தெக்கு ரூமு எனக்காக்கும். கட்டில் வரும், மேசை வரும்," என்று நான் ஒவ்வொரு ஓட்டுக்கும் ஒரு தடவை சொல்லிக்கொண்டிருந்தேன்.

"ஆமா மக்கா. ராணிக்கு அரண்மனை!" என்று மாமி பொங்கிச் சிரித்தார். அடுத்து நின்ற பெண்ணைப் பார்த்துக் கண்ணைக் காட்டினார். அந்தப் பெண், "சும்ம கெடங்க, பிள்ளகிட்ட போயி," என்றாள்.

வரிசையில் நின்ற அத்தனை பேருக்கும் தெரிந்த ஒன்று எனக்கு மட்டும் தெரியாது. எங்கள் பக்கத்தில் குடும்ப வீடு கடைசி மகனுக்கு. கடைசித் தம்பிக்குக் கல்யாணம் ஆனால் மூத்தவர்கள் பெண்டாட்டி பிள்ளைகளோடு வேறு வீடு பார்த்துப் போய்விட வேண்டும். சித்தப்பாவுக்குப் பெண் பார்த்தாயிற்று. ஒழுகுகிற வீட்டில் பெண் கொடுக்க யாருக்கு மனசு வரும்? அதனால்தான் இந்த வேலையே. அப்பா ஆவணியில் வருவதும் தம்பியின் கல்யாணத்துக்குத்தான். நான் ஒவ்வொரு ஓட்டாக வாங்கி அடுக்கியது, நாங்கள் மூன்று மாதத்தில் விட்டுப்போகப்போகும் வீட்டுக்கு.

உத்தரத்தில் உளுத்த மரங்களை ஆசாரி மாற்றி முடித்த அன்று உடைந்தவற்றுக்குப் பதிலாகச் சித்தப்பா ஜீப்பில் கொஞ்சம் புது ஓடு கொண்டுவந்தார். அதில் வைக்கோலுக்குள் தனியாக ஒரு கண்ணாடி ஓடு இருந்தது. கடையில் அன்றைக்கு இருந்தது அந்த ஒன்றுதானாம். அதே அச்சு, அதே அளவு, ஆனால் அந்தப் பக்கம் தெரிகிறது! நான் அதை முகத்துக்கு நேரே பிடித்துப் பார்த்தேன். முற்றமும் அம்மாவும் ரப்பர் மரமும் பச்சையாக நெளிந்தன.

"இது மைனிக்கு. அடுப்புக்கு நேர மேல வைக்கணும்," என்று சித்தப்பா ஆசாரியிடம் சொன்னார்.

எங்கள் அடுக்களைக்கு ஜன்னல் கிடையாது. பகலிலும் இருட்டு, போதாததற்கு விறகுப் புகை. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அம்மா கேட்டது ஒரே ஒரு கண்ணாடி ஓடு. உப்பு போட்டோமா இல்லையா என்று தெரியாமல் இரண்டு தடவை போட்டுவிட்டு, "இந்தச் சவத்து இருட்டுல என்ன தெரியுது," என்று அலுத்துக்கொள்வாள். இதெல்லாம் எனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்துதான் செய்தேன். கண்ணாடி ஓடு என் பாய்க்கு மேலே இருந்தால் படுத்துக்கொண்டே மேகம் பார்க்கலாம். அடுப்புக்கு எதற்கு மேகம்?

ஓடு இறங்கும்போது வரிசையில் கடைசியாக நின்றவள், ஏறும்போது முதல் ஆள் ஆகிவிட்டேன். எல்லா ஓடும் என் கையிலிருந்துதான் புறப்பட வேண்டும். கண்ணாடி ஓட்டை எடுத்துப்போய் ரப்பர் ஷீட் உலர்த்தும் கொட்டகையில், புகையில் காய்ந்துகொண்டிருந்த ஷீட்டுகளுக்குப் பின்னால் சாய்த்து வைத்துவிட்டு வந்து நல்ல பிள்ளையாக நின்றேன்.

"கண்ணாடி ஓடு வரட்டு!" என்று அடுக்களைக்கு மேலிருந்து ஆசாரி கூப்பிட்டார். வரிசை முழுக்க "கண்ணாடி ஓடு, கண்ணாடி ஓடு" என்று இறங்கி வந்து என்னிடம் நின்றது. நான் ஒரு மண் ஓட்டைக் கொடுத்தேன்.

"ஏட்டி, இதா கண்ணாடி? கண்ணு தெரியலியா உனக்கு?" என்றார் மாமி.

"இங்க இல்ல மாமி."

தேடினார்கள். வைக்கோலைக் கிளறினார்கள். ஜீப்பைப் பார்த்தார்கள். மேற்கே இடவப்பாதி மழை கறுத்துக்கொண்டு வந்தது. இதற்கு மேல் தாங்காது என்று ஆசாரி மண் ஓட்டையே வைத்து அடுக்களைக் கூரையை மூடினார். கீழே நின்று பார்த்துக்கொண்டிருந்த அம்மா உள்ளே போய் எல்லோருக்கும் கட்டஞ்சாயா போட்டாள். அன்றைக்குப் பெய்த மழையில் ஒரு சொட்டு வீட்டுக்குள் விழவில்லை.

மறுநாள் காலையில் ஓட்டை நானே "கண்டுபிடித்தேன்". அம்மா அதை வாங்கித் துடைத்தாள். மூக்கருகே கொண்டுபோனாள். ரப்பர் ஷீட் புகையின் வாடை எளிதில் போகாது என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. என்னை ஒரு பார்வை பார்த்தாள். அடி விழும் என்று கண்ணை மூடிக்கொண்டேன்.

"ரெண்டு ஓட்ட எளக்குனா போதும் மைனி. இப்பமே அடுக்களையில வச்சுத் தாறேன்," என்றார் சித்தப்பா.

"வேண்டாம் தம்பி. அங்க என்ன வேணும்னு வாறவ சொல்லட்டு. இத பிள்ளைக்க ரூமுல வையி."

"மைனி..."

"வையின்னு சொன்னம்லா."

சித்தப்பா ஏணியைத் தூக்கிக்கொண்டு தெற்கு அறைப் பக்கம் போனார். அந்த வெள்ளிக்கிழமை மாமி வீட்டில் போன் வந்தது. அப்பா என்ன கேட்டார் என்று எனக்குக் கேட்கவில்லை. "வச்சாச்சு. இப்ப நல்ல வெட்டம். பகல் போல இருக்கு," என்று அடுக்களை வெளிச்சத்தைப் பற்றி அம்மா சொன்னதுதான் கேட்டது. நான் மாட்டிக்கொள்ளாமல் இருக்க அம்மா எனக்காகப் பொய் சொல்கிறாள் என்று நினைத்து உள்ளுக்குள் குதித்தேன்.

மூன்று மாதம் நான் அந்த வெளிச்சத்தின் கீழே வாழ்ந்தேன். காலையில் சுவரில் இருக்கும். நான் பள்ளியிலிருந்து வரும்போது தரையில், பாய்க்குப் பக்கத்தில் இறங்கியிருக்கும். மழை ஓட்டின் மேல் ஓடினால் அறை முழுக்க அந்த வெளிச்சமும் ஓடும். அப்படி ஒரு அறை எனக்கு அதற்குப் பிறகு அமையவில்லை. எத்தனை வீடு மாறினாலும் காலையில் கண் விழித்ததும் முதலில் மேலேதான் பார்க்கிறேன். அங்கே மின்விசிறி இருக்கிறது.

ஆவணியில் அப்பா வந்தார். கல்யாணம் நடந்தது. சித்தி வலது கால் வைத்து உள்ளே வந்த ஒன்பதாம் நாள் மார்த்தாண்டத்தில் பிடித்த வாடகை வீட்டுக்குச் சாமான்களை ஏற்றினோம். நான் தெற்கு அறையை விட்டு வரமாட்டேன் என்று அழுதேன். நம்ம ஓட்டையாவது எடுத்துட்டுப் போவோம் என்று அம்மாவின் சேலையைப் பிடித்து இழுத்தேன்.

"எடுத்தா மழ ஒழுகும் மக்கா," என்றாள் அம்மா. அந்த வீட்டைப் பற்றி அம்மா எங்களிடம் பேசியது அதுதான் கடைசி. அம்மா போய் இரண்டு வருடம் ஆகிறது.

சித்தப்பா போன மாதம் டீயைக் கையில் வைத்துக்கொண்டு சொன்னது இது. "அந்த ஓடு உங்க அப்பா சொல்லி வாங்கினதாக்கும். 'எப்படியும் ஆவணியில வீட்ட விட்டு எறங்கணும். போற வரைக்காவது அவ வெட்டத்துல நின்னு சமைக்கட்டு'ன்னு அண்ணன் போன்ல சொன்னாரு. எடுத்தது நீதான்னு எனக்கும் அன்னைக்கே தெரியும்."

அவர் போன பிறகு வெகுநேரம் அந்த ஓட்டைத் தேய்த்துக்கொண்டிருந்தேன். அப்போது நினைவுக்கு வந்தது ஒரு சாயங்காலம். பள்ளிவிட்டு வருகிறேன். தெற்கு அறையில், தரையில் விழுந்த வெளிச்சத்துக்குள் அம்மா உட்கார்ந்து சொளவில் அரிசியைப் பரப்பிக் கல் பொறுக்கிக்கொண்டிருக்கிறாள். ஏதோ முணுமுணுத்துப் பாடுகிறாள். நான் வந்தது அவளுக்குத் தெரியவில்லை. எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"எம்மா, இது எனக்க இடம். எந்திரி."

அம்மா திடுக்கிட்டு நிமிர்ந்தாள். "இந்தா, போயிட்டேன் மக்கா," என்று சொளவைத் தூக்கிக்கொண்டு அடுக்களைக்குப் போனாள். நான் பையைக் கழற்றிப் போட்டுவிட்டு, அவள் உட்கார்ந்திருந்த இடத்தில் படுத்து மேகம் பார்த்தேன்.