தட்டுபவர் என்டர் அடிக்கக் கூடாது

அந்தப் பார்சல் கம்பெனிக்குப் போய் அவளுடைய சொந்தப் பெயரைச் சொல்லி விசாரித்தால் வாசல் காவலாளி தலையைச் சொறிவார். நிதானம் என்று கேட்டால் போதும், கையோடு கூட்டிக்கொண்டு போய் சர்வர் அறையில் விட்டுவிடுவார். அந்தப் பெயரை வைத்தவள் புயல். புயலுக்குப் பெயர் வைத்தவள் நிதானம்.

இருவரும் ஒரே வருடம் புக்கிங் கவுண்டரில் வேலைக்குச் சேர்ந்தவர்கள். கம்பெனி முதன்முதலாக ஒரு பெரிய கம்ப்யூட்டரை வாங்கி இறக்கியபோது, இதைப் பார்த்துக்கொள்ள யார் வருகிறீர்கள் என்று மேனேஜர் கேட்டார். எல்லோரும் மேலே மின்விசிறியைப் பார்த்தார்கள். புயல் ஒரு கையைத் தூக்கினாள். இன்னொரு கையால் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவளின் கையையும் பிடித்துத் தூக்கிவிட்டாள். நிதானத்தின் பிழைப்பு அந்த நொடியில்தான் திசை மாறியது.

சர்வர் என்ற அந்தக் கம்ப்யூட்டருக்குக் கிடைத்த அறை, வாங்க ஆள் வராத பார்சல்களைப் போட்டுவைத்திருந்த அறை. பாதியை ஒழித்துவிட்டு ஏசி மாட்டினார்கள். மிச்சப் பாதி அப்படியே தங்கிவிட்டது. ஒரு தையல் மெஷினின் தலை, சுருட்டிக் கட்டிய மெத்தை, எந்த வீட்டுக்கோ போக வேண்டிய ஒரு கண்ணாடி அலமாரிக் கதவு. அவற்றுக்கு நடுவில், சர்வரை இயக்கும் மென்பொருளான லினக்ஸ் ஓடியது.

லினக்ஸில் பெரிய பதிப்பு ஒன்று வரும். அதன் பிறகு அவ்வப்போது, அதுவரை செய்த திருத்தங்களையெல்லாம் சேர்த்துக் கட்டி சர்வீஸ் பேக் என்று கொடுப்பார்கள். அடுத்த பேக்குக்கு ஏறாமல் பழையதிலேயே இருந்தால் ஒருநாள் பாதுகாப்புத் திருத்தங்கள் வருவது நின்றுபோகும். கதவைப் பூட்டாமல் தூங்குவது மாதிரி. அதனால் ஒவ்வொரு பேக் வரும்போதும் ஒரு ஞாயிற்றுக்கிழமை, கவுண்டர்கள் மூடியிருக்கும் நேரத்தில், இருவரும் அறைக்குள் போய்விடுவார்கள்.

அப்போதெல்லாம் பேக் ஒரு பெட்டி நிறைய டிஸ்க்குகளாக வரும். மெஷின் ஒன்றை மென்று முடித்துவிட்டு அடுத்ததைக் கேட்கும். நடுவில் பேச நேரம் கொட்டிக் கிடக்கும். மாமியார், சம்பளம், மார்பில் பால் கட்டிக்கொண்ட வேதனை, பிடிக்காத மேனேஜரின் சட்டை என்று எல்லாவற்றையும் அந்த ஞாயிறுகளில்தான் பேசித் தீர்த்தார்கள். புயலின் மகள் தவழப் பழகியதே சுருட்டிய மெத்தைக்கும் சர்வருக்கும் இடையில்தான்.

ஒருமுறை புயல் அவசரத்தில் எதையோ தட்டி, படித்துப் பார்ப்பதற்குள் என்டரையும் அடித்துவிட்டாள். முந்தின நாள் புக்கிங் மொத்தமும் போயே போய்விட்டது. கார்பன் காப்பிகளை வைத்துக்கொண்டு விரல் வீங்கத் திரும்ப அடித்தார்கள். அன்றைக்குப் போட்ட சட்டம்தான்: தட்டுபவர் என்டர் அடிக்கக் கூடாது. ஒருத்தி தட்ட வேண்டும், மற்றவள் வாய்விட்டுப் படித்துப் பார்த்துவிட்டு என்டர் அடிக்க வேண்டும்.

பார்சல்மேல் ஒட்டும் ஸ்டிக்கரை அச்சிட கம்பெனி வாங்கிய புரோகிராம், ஊர்ப் பெயர் நீளமாக இருந்தால் வாலை வெட்டிவிடும். பார்சல் வேறெங்கோ போய் நிற்கும். புயல் எரிச்சலில் தானே ஒரு லேபிள் புரோகிராம் எழுதினாள். தயாரித்தவர் யார் என்று கேட்ட இடத்தில் இரண்டு பட்டப்பெயர்களையும் போட்டாள். அது வேறு யார் கண்ணிலும் படாது. ஒவ்வொரு பேக் ஏற்றும்போதும், இது எங்களுடையது இல்லையே, வைத்துக்கொள்ளட்டுமா என்று மெஷின் கேட்கும். இருவரும் சிரித்துக்கொண்டே வைத்துக்கொள் என்பார்கள்.

பிறகு புயல் வேறு ஊரில் பெரிய வேலைக்குப் போனாள். நிதானத்துக்கு அது அறிவிப்புப் பலகையில் தெரிந்தது, லோடு ஏற்றுபவர்களுக்குத் தெரிந்த அதே நேரத்தில். "முன்னாடியே சொன்னா நீ நிதானமா யோசிச்சு வேண்டாம்னு சொல்லுவ, நானும் போகாம இருந்துடுவேன்," என்றாள் புயல். வழியனுப்பு நாளில் நிதானம் லீவு போட்டாள். அதோடு பேச்சு நின்றது.

அதற்குப் பிறகு வந்த பேக்குகளை அவள் ஏற்றவில்லை. அடுத்த தடவை பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளினாள், அதையும் தள்ளினாள். இப்போது தலைமை அலுவலகம் கெடு வைத்துவிட்டது. மாதக் கடைசிக்குள் புதிய பேக்குக்கு ஏறாவிட்டால் மெஷினைக் கழற்றி அனுப்ப வேண்டும், அறையைப் பூட்ட வேண்டும், அவள் பழையபடி கவுண்டருக்குப் போக வேண்டும்.

அப்படித்தான் அந்த ஞாயிற்றுக்கிழமை, பள்ளிக்கூட பஸ் ஓட்டும் அவள் கணவர் ஷேவ் செய்துவிட்டு சர்வர் அறைக்கு வந்து உட்கார்ந்தார்.

"நான் தட்டுவேன். நீங்க எழுத்தெழுத்தா படிக்கணும். சரியா இருந்தா மட்டும் என்டர். புரியலைன்னா கை வைக்கக் கூடாது."

"பஸ் நிறைய பிள்ளைங்களை ஏத்திட்டுப் போறவன் நான். ஒரு பட்டனை அமுக்க இவ்ளோ பாடமா?"

"பஸ்ல பிரேக் இருக்கு. இதுல இல்ல. ஆனா ஏத்துறதுக்கு முன்னாடி இப்ப இருக்கிற நிலையை அப்படியே படம் பிடிச்சு வெச்சுக்கும். சரிப்பட்டு வரலைன்னா திரும்பி வந்துடலாம்."

"அப்போ ரிவர்ஸ் கியர் மட்டும் இருக்குன்னு சொல்லு."

முதலில் எல்லாம் ஒழுங்காகப் போனது. அவர் பாடம் ஒப்பிப்பதுபோலப் படித்தார், என்டர் அடித்தார். திடீரென்று மெஷின் நின்றது. ஏதோ ஒன்று இடிக்கிறது, இந்த வழிகளில் ஒன்றைச் சொல் என்றது. அவர் மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு படித்தார். லேபிள் புரோகிராமை எடுத்துவிடுவது ஒரு வழி. அதை வைத்துக்கொண்டு பாதிச் சாமானைப் பழையதாகவே விட்டுவிடுவது இன்னொன்று. வேண்டாமென்றால் எல்லாவற்றையும் நிறுத்திவிடலாம்.

"தயாரித்தவர்னு போட்டிருக்கு," என்று இழுத்தவர் கையை மடியில் வைத்துக்கொண்டார். "இது உங்க ரெண்டு பேரோட பேராச்சே. இதுக்கு நான் என்டர் அடிக்க மாட்டேன்."

"நான் இன்னும் எதையும் தட்டவே இல்லையே."

"தட்டினாலும் அடிக்க மாட்டேன். எனக்குப் புரியல."

நிதானம் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். நிறுத்தினால் அறை போகும். எடுத்தால், திங்கட்கிழமை காலையில் கவுண்டரில் கூட்டம் நிற்கும்போது ஸ்டிக்கர் வருமா வராதா என்று தெரியாது. அந்தப் புரோகிராமின் வயிற்றுக்குள் என்ன இருக்கிறது என்று தெரிந்தவள் ஒருத்திதான்.

"போன் பண்ணு," என்றார் அவர்.

"நம்பரை மாத்தியிருப்பா."

"மாத்தல. அவ வீட்டுக்காரர்கிட்ட போன வாரம்கூட பேசினேன்."

"நீங்க பேசிக்கிறீங்களா?"

"நீங்க ரெண்டு பேரும் சண்டை போட்டா அதுக்கு நாங்க என்ன பண்ணோம்?"

மணி அடித்த உடனே புயல் எடுத்துவிட்டாள். நலமா, சௌக்கியமா எதுவும் இல்லை. "சொல்லு," என்றது அதே குரல், கொஞ்சம் கரகரத்து.

"லேபிள் புரோகிராம் வழியை மறிச்சுக்கிட்டு நிக்குது."

"இன்னும் அதையா ஓட்டிக்கிட்டிருக்க? இப்ப எந்த பேக்ல இருக்க?"

நிதானம் சொன்னாள்.

"அடிப்பாவி. அது நாம ரெண்டு பேரும் சேர்ந்து ஏத்தினதுடி. அதுக்கப்புறம் ஏத்தவே இல்லையா? ஏன்?"

"என்டர் அடிக்க ஆள் இல்ல."

மறுமுனையில் ஓடிக்கொண்டிருந்த குழாயைப் புயல் மூடும் சத்தம் கேட்டது.

"அந்தப் புரோகிராமை எடுத்துடு," என்றாள்.

"நீ எழுதினது."

"எழுதினவதான் சொல்றேன். அதுல இருக்கிற ஓட்டை எனக்குத்தான் தெரியும். இத்தனை வருஷம் அது ஓடினதே அதிசயம். புது பேக்கோட வர்ற அச்சு புரோகிராமே நீளப் பேரை வெட்டாது."

"நாளைக்கு ஸ்டிக்கர் வரலைன்னா?"

"வரும். கோணலா வரும். நேராக்கிக்கலாம். பக்கத்துல யாரு, அண்ணனா? ஸ்பீக்கர்ல போடு. அண்ணே, அவ தட்டினதும் நீங்க படிங்க."

நிதானம் எடுக்கும் வழியின் எண்ணைத் தட்டினாள். அவர் உரக்கப் படித்தார், தயாரித்தவர் பெயர் உட்பட. "சரியா இருக்கு, அடிங்க," என்றாள் புயல். மேட்டில் பஸ்ஸைக் கிளப்புகிற முகத்தோடு அவர் என்டர் அடித்தார்.

வரிவரியாகத் திரை மேலே ஓடியது. மாற்ற டிஸ்க் இல்லை. செய்ய வேலையும் இல்லை. ஆனாலும் இருவரும் போனை வைக்கவில்லை.

"வழியனுப்பு அன்னைக்கு ஏன் வரல?" என்றாள் புயல்.

"பல் வலி."

"பொய்."

"ஆமா."

"பலகையில போடுறதுக்கு முன்னாடி உன்கிட்ட வந்து சொல்லியிருக்கணும். ரெண்டு தடவை கதவு வரைக்கும் வந்தேன்."

"தெரியும். அந்த அலமாரிக் கண்ணாடியில உன் நிழல் தெரிஞ்சது. நீயே உள்ள வரட்டும்னு இருந்தேன்."

அவர் தன் செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தார். மெஷின் ஒருமுறை அணைந்தது. விசிறிச் சத்தம் அடங்கி அறை காலியானதுபோல ஆனது. பிறகு உறுமிக்கொண்டு எழுந்து, புதிய பதிப்பின் பெயரோடு உள்ளே வா என்றது.

சோதனைக்கு ஒரு ஸ்டிக்கரை அடித்தார்கள். ஊர்ப் பெயர் முழுசாக இருந்தது, ஆனால் இடது ஓரத்தோடு ஒட்டிக்கொண்டு கோணலாக நின்றது. நிதானம் அதை விவரித்ததும் புயல் சிரித்த சிரிப்பில் போன் அதிர்ந்தது. "இடது ஓரத்தைக் கூட்டு. மேலே குறை. இரு, எழுத்தோட அளவு எவ்வளவு வெச்சிருக்க?" என்று எண்களை வாரி இறைத்தாள். நிதானம் ஒவ்வொன்றாகப் போட்டு, அடித்து, மேசை விளிம்பில் ஒட்டிக்கொண்டே வந்தாள்.

"எனக்குப் பசிக்குது, நான் சாப்பிடப் போறேன்," என்று அவர் எழுந்தார். "யாரு என்டர் அடிப்பா?"

"நாங்க பார்த்துக்கிறோம், நீங்க போங்க அண்ணே," என்றது போன்.

கதவு சாத்திக்கொண்டது. அடுத்த ஸ்டிக்கர் வந்து விழுந்தது. ஊர்ப் பெயர் நடுவில் நேராக, நான்கு பக்கமும் சமமாக ஓரம் விட்டு நின்றது. நிதானம் அதை விளக்கு வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தாள்.

"எப்படி வந்திருக்கு?" என்றாள் புயல்.

"இன்னும் கொஞ்சம் கோணல்தான்," என்றாள் நிதானம்.