வில்லாவுக்குப் போகாத அமெரிக்கர்

தொண்ணூறுகளின் நடுவில், சவூதியில் தம்மாமில் உள்ள ஒரு கட்டுமானக் கம்பெனியில் கேம்ப் கிளார்க்காக இருந்தேன். புதிதாக வருகிறவர்களுக்கு அறை ஒதுக்குவது என் வேலை. அமெரிக்கர்களுக்குத் தனி வில்லா. மற்றவர்களுக்கு, ஆறு பேருக்கு ஓர் அறை.

ஒருமுறை ஃபேக்ஸில் வந்த பட்டியலில், எந்த நாடு என்று போட்டிருக்கும் ஓரம் மட்டும் அச்சாகவில்லை. எனக்கென்ன கவலை? பெயரைப் பார்த்தே நாட்டைச் சொல்லிவிடுவேன் என்று மார்தட்டிக்கொண்டிருந்த காலம் அது. கார்சியா, சாந்தோஸ், ரேயஸ் என்றெல்லாம் முடிந்தால் பிலிப்பைனி. அந்த மாதிரி ஏழு பெயர்கள் இருந்தன. ஏழு பேரையும் பிலிப்பைனி பிளாக்கில் போட்டுவிட்டேன்.

அவர்கள் வந்து சேர்ந்த மறுநாள் வெள்ளிக்கிழமை, விடுமுறை நாள். காலையிலேயே மேனேஜர் போன் செய்தார். டெக்சாஸிலிருந்து வரவேண்டிய இன்ஜினியர் எங்கே, வில்லா பூட்டியே கிடக்கிறதே என்றார். பட்டியலை மறுபடி எடுத்துப் பார்த்தேன்; அந்த ஏழு பெயர்களில் ஒன்று அவருடையதாகத்தான் இருக்கவேண்டும். இதைவிடச் சின்னத் தவறுக்கே பாஸ்போர்ட்டில் எக்ஸிட் அடித்து ஊருக்கு அனுப்பிவிடுவார்கள். ஊரில் அப்போதுதான் வீட்டுக்கு அஸ்திவாரம் போட்டிருந்தேன்.

ஏர்போர்ட்டிலிருந்து அழைத்து வந்த டிரைவர் திருநெல்வேலிக்காரர். அவர்மேல் பாய்ந்தேன்.

"லிஸ்ட்ல பிலிப்பைனின்னு நீங்கதானண்ணே போட்டிருந்திய? அவரும் நம்ம நெறமாத்தான் இருந்தாரு. எறக்கி விட்டுட்டேன்" என்றார்.

பிளாக்குக்கு ஓடினேன். சமையலறையில் ஒருவர் பனியனோடு நின்று வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தார். அவர் தன் மொழியில் மேசை, கரண்டி என்று ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல, சுற்றி நின்ற பிலிப்பைனிகள் தங்கள் மொழியிலும் கிட்டத்தட்ட அதே சொல்தான் என்று குதித்துக்கொண்டிருந்தார்கள்.

அவர்தான் அந்த இன்ஜினியர். மன்னிப்புக் கேட்டேன். அவர் சிரித்தார். அவர் குடும்பம் ஸ்பானிஷ் பேசும் குடும்பமாம். சான் அன்டோனியோ என்ற அவர் ஊர் அமெரிக்காவோடு சேருவதற்கு முன்பே அங்கே இருந்தவர்களாம். லாஸ் ஏஞ்சலஸ், சான் பிரான்சிஸ்கோ எல்லாமே ஸ்பானிஷ்காரர்கள் வைத்த பெயர்களாம். பிலிப்பைன்ஸையும் அவர்களே ஆண்டதால்தான் இவர்களுக்கும் அதே பெயர்கள். அமெரிக்காவிலேயே அவர் பெயரைக் கேட்டு, எந்த நாட்டிலிருந்து வந்தாய் என்று விசாரிப்பவர்கள் உண்டு என்றார். எனக்குச் சுருக்கென்றது.

பிறகு, உனக்கு என்ன ஆகும் என்று கேட்டார். உள்ளதைச் சொன்னேன். கையைத் துடைத்துக்கொண்டு போய், செக்யூரிட்டி அறையிலிருந்து மேனேஜருக்குப் போன் செய்தார். தொழிலாளர்கள் எப்படி இருக்கிறார்கள் என்று பார்க்கத் தானாகவேதான் இங்கே தங்கியதாகச் சொன்னார். கையோடு, அறை ஏசி சரியில்லை என்று ஒரு புகாரும் கொடுத்தார்.

"நேற்று இவர்கள் யாரும் என்னை எந்த நாடு என்று கேட்கவில்லை. சாப்பிட்டாயா என்றுதான் கேட்டார்கள்" என்றார் என்னிடம்.

மதியம் என்னையும் பிடித்து உட்கார வைத்தார்கள். ஆறு வருடமாக அறை ஒதுக்கிய அந்த பிளாக்கில் நான் சாப்பிட்டது அன்றுதான் முதல் தடவை. பெயரை வைத்து ஆளை அளந்தவனுக்குத் தண்டனைக்குப் பதில் விருந்து கிடைத்ததை நினைத்தால், இன்றும் வெட்கமும் சிரிப்பும் சேர்ந்தே வருகின்றன.