ஜூல் கட்டத்தில் புகுந்த கலோரி

கெல்வின் என்று யாராவது சொன்னாலே எனக்கு இன்றைக்கும் சுர்ரென்று ஏறும். சொல்கிறவர்கள் மேல் தப்பில்லை. அந்த ஒரு சொல்லைக் காட்டித்தான் ஒரு மனுஷனை வேலையை விட்டுத் துரத்தப் பார்த்தார்கள். அதற்கு நானும் உடந்தை.

சிங்கப்பெருமாள் கோவில் பக்கம் ஒரு தொழிற்சாலையில் எனக்கு டிசைன் வேலை. கியர்களை உலையில் செக்கச்செவேலென்று காய்ச்சி, எண்ணெய்த் தொட்டியில் இறக்கிக் கெட்டிப்படுத்துகிற இடம் அது. எண்ணெய் அளவுக்கு மீறிச் சூடானால் கியர் கெட்டிப்படாது. அதனால் எண்ணெயை ஒரு கூலர் வழியாகச் சுற்றவிட்டு ஆற்றிக்கொண்டே இருக்க வேண்டும். ஜனவரியில் பழைய கூலரைக் கழற்றிவிட்டுப் புதிது வைத்தோம். வைத்த நாளிலிருந்து சனி பிடித்தது.

உலையை ஓட்டுகிறவர் கோவிலம்பாக்கத்திலிருந்து வருபவர். தொழிற்சாலையில் எல்லாருக்கும் பாய், எனக்கு அண்ணா. பதினெட்டு வருஷமாக அதே உலை. அஸ்தினாபுரத்திலிருந்து வந்து குரோம்பேட்டையில் நான் கம்பெனி பஸ் ஏறும்போது, அவர் பல்லாவரத்திலேயே ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்திருப்பார். மூன்று மாதமாக என்னைப் பார்த்தபோதெல்லாம் ஒரே பேச்சுதான். கூலர் பத்தவில்லை, உள்ளே போகிற குழாயும் கொதிக்கிறது, வெளியே வருகிற குழாயும் கொதிக்கிறது, ஒருதரம் கீழே வந்து பாருங்கள் என்பார். பார்க்கிறேன் அண்ணா என்பேன். சொல்லிவிட்டு ஏ.சி. அறைக்குள் போய் உட்கார்ந்துகொள்வேன்.

ஏப்ரல் வெயிலில் நிலைமை கைமீறிப் போனது. ஒரு லோடு கியர் கெட்டிப்படாமல் போய், வாங்கியவர்கள் அப்படியே திருப்பி அனுப்பிவிட்டார்கள். மேனேஜர் யோசிக்கக்கூட இல்லை. இடைவெளி விடாமல் தட்டு தட்டாக இறக்கியதால்தான் எண்ணெய் சூடேறியது என்று அண்ணா கையில் மெமோவைத் திணித்தார். தன் தவறுதான் என்று அவர் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். போடாவிட்டால் திங்கட்கிழமையிலிருந்து வரவேண்டாம்.

கேன்டீனில் அண்ணா தட்டில் கை வைக்காமல் உட்கார்ந்திருந்தார். "போர்டுல இன்னா டைம் எழுதிக் கீதோ, அந்த டைம்லதான் எறக்கினேன். செய்யாத தப்புக்கு எதுக்கு மேடம் நான் கையெழுத்துப் போடணும்?" என்றார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நேரே மேலே போய், புதுக் கூலருக்கு மேனேஜர் போட்ட கணக்கு ஃபைலைத் தேடி எடுத்தேன். மேனேஜர் மூஞ்சியில் விட்டெறிய ஏதாவது கிடைக்காதா என்ற வெறிதான்.

கிடைத்தது. ஒரு கிலோ எஃகு ஒரு டிகிரி சூடேற எவ்வளவு வெப்பம் வேண்டும் என்பதற்குத் தன்வெப்ப ஏற்புத்திறன் என்று பள்ளிக்கூடத்தில் பெயர். மேனேஜர் தன்னுடைய பழைய கையேட்டிலிருந்து அந்த எண்ணை எடுத்துப் போட்டிருந்தார்: 0.12. அது கிலோகலோரிக் கணக்கு. எங்கள் ஷீட்டின் கட்டமோ கிலோஜூலில் கேட்கிறது. ஒரு கிலோகலோரி ஏறக்குறைய 4.19 கிலோஜூல். பெருக்கியிருந்தால் 0.5 வந்திருக்கும். பெருக்கவில்லை. காய்ச்சிய எஃகு கொண்டுவரும் வெப்பத்தில் கால்வாசியை மட்டும் கணக்கில் எடுத்து, கால்வாசிக்கு ஒரு கூலரை வாங்கி மாட்டியிருக்கிறோம்.

வயிற்றெரிச்சல் என்னவென்றால், பக்கத்துக் குறிப்புக் கட்டத்தில் அவர் எழுதியிருந்தது: 'செல்சியஸ் கெல்வினாக மாற்றப்பட்டது. மதிப்பு மாறாது.' ரொம்பச் சரி! ஒரு டிகிரி ஏற்றம் என்பது இரண்டிலும் ஒன்றுதான். மாற்றினாலும் மாற்றாவிட்டாலும் ஒன்றாக இருப்பதை அத்தனை அக்கறையாக எழுதிவிட்டு, மாற்றியே ஆகவேண்டியதைக் கோட்டை விட்டிருக்கிறார் அந்தப் பெரிய மனிதர்.

அதற்குக் கீழே 'சரிபார்த்தவர்' என்ற கட்டம். அதில் என் கையெழுத்து.

எங்கள் ஆபீசில் ஒரு வழக்கம் உண்டு. ஷீட் வந்தால் குறிப்புக் கட்டத்தைப் பார்ப்போம். அதில் நாலு வார்த்தை இருந்தால், யாரோ யோசித்திருக்கிறார்கள் என்று கண்ணை மூடிக்கொண்டு கையெழுத்துப் போடுவோம். நானும் கெல்வின் குறிப்பைப் படித்தேன், சரி என்று பட்டது, போட்டேன். அரை நிமிஷம் ஆகியிருக்காது. மேனேஜருக்காகச் சேர்த்து வைத்திருந்த வசவெல்லாம் என் மேலேயே வந்து விழுந்தது. தாளைத் திரும்ப ஃபைலுக்குள் வைத்துவிடலாமா என்றுகூட ஒரு கணம் தோன்றியது. தோன்றியதற்கே என்னைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

சனிக்கிழமை மேனேஜர் அறைக்குள் போனேன். அண்ணா நின்றுகொண்டிருந்தார். அவரை உட்காரச் சொல்லக்கூட அங்கே ஆளில்லை. தாளை மேஜையில் வைத்தேன். மேனேஜர் குறிப்புக் கட்டத்தில் விரலை வைத்தார்.

"கெல்வின்லாம் கரெக்டா மாத்தித்தானே இருக்கு? நீயே செக் பண்ணி சைன் போட்டிருக்கியேம்மா."

"ஆமா சார், போட்டேன். பார்க்காம போட்டேன். கலோரிய ஜூலா மாத்தாம விட்டது நீங்க, பார்க்காம விட்டது நான். இதுல அவர் எங்க சார் வந்தாரு?"

என் குரல் வெளியே வரை கேட்டதாகப் பின்னால் சொன்னார்கள். கேட்கட்டும். மேனேஜர் கால்குலேட்டரை எடுத்து இரண்டு தரம் பெருக்கிப் பார்த்தார். பிறகு அண்ணாவிடமிருந்து மெமோவை வாங்கி இழுப்பறையில் போட்டு, போய் வேலையைப் பாருங்கள் என்றார். மன்னிப்பு என்ற பேச்சே எழவில்லை.

வெளியே வந்ததும் அண்ணா ஏதாவது சொல்வார் என்று எதிர்பார்த்தேன். தேங்க்ஸ் சொல்வார் என்றுகூட நினைத்தேன், வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன். அவர் முன்னால் நடந்தார். எண்ணெய்த் தொட்டிக்குப் பக்கத்தில் நின்று, கூலரிலிருந்து வெளியே வருகிற குழாயைக் காட்டினார். கையைக் கிட்டே கொண்டுபோனேன். தொடுவதற்கு முன்பே சுட்டது.

"இத்தத்தான் மூணு மாசமா சொல்லிக்கினு இருந்தேன். பேப்பர்ல நம்பரப் பார்த்ததும் நம்பிட்டீங்க. நான் சொன்னப்ப ஏன் மேடம் நம்பல?"

அவர் குரலில் கோபமே இல்லை. அன்று மாலை பஸ்ஸில் அவர் பக்கத்து இடம் காலியாகத்தான் இருந்தது. நான் பின்னால் போய் உட்கார்ந்தேன்.