திருமஞ்சன முறையில் எடுத்த சோதனை நீர்

எங்கள் ஊர்ச் சாக்கடை படித்துறையை ஒட்டித் தாமிரபரணியில் கலக்கிறது. அதை ஊருக்குக் கீழே ஒரு சுத்திகரிப்புக் குளத்துக்குத் திருப்ப வேண்டும் என்று ஆட்சியர் அலுவலகத்துக்கு மனு எழுதியவன் நான். உடன் கையெழுத்திட்டவர் பலசரக்குக் கடை அண்ணாச்சி. மூன்று மாத நீர்ச் சோதனையின் முடிவைப் பார்த்துத்தான் மனுவை ஏற்பதா தள்ளுவதா என்று தீர்மானிக்கப்படும் எனப் பதில் வந்தது.

சோதனைக்கூடத்துப் பெண் மேலப்பாளையத்துக்காரர். மாதம் ஒரு நாள், ஒரே காலையில் பல படித்துறைகளுக்குப் போக வேண்டியிருந்ததால், ஊருக்கு ஒருவர் நீரை எடுத்து வைத்தால் பனிக்கட்டிப் பெட்டியில் வாங்கிச் செல்வார். பெருமாளுக்குத் திருமஞ்சன நீர் கொண்டு செல்லும் கைங்கரியம் நெடுங்காலமாக என்னுடையது. "நீங்கதான் தெனமும் விடியுமுன்ன ஆத்துல நிக்கீங்களே, ஐயா. சாக்கடை கலக்குற இடத்துக்குக் கீழ எடுத்து வைங்க, போதும்" என்று புட்டிகளைத் தந்தார்.

எடுத்தேன். நீராடி, ஈர வேட்டியோடு, பாசுரம் சொல்லியபடியே எடுத்தேன். சாக்கடையைத் தீண்டிய கையோடு சந்நிதிக்குப் போவது எப்படி என்று எண்ணி, அது கலக்கும் இடத்துக்குப் பத்தடி மேலே போய், இடுப்பளவு ஆழத்தில் நடு ஓட்டத்துக்குச் சென்றேன். மேலே மிதந்த தூசியை விலக்கி, புட்டியின் வாயில் நான்காய் மடித்த வெள்ளைத் துணியைப் போர்த்தி வடித்து நிரப்பினேன். குடத்துக்குச் செய்வதைப் புட்டிக்கும் செய்தேன். அதில் தவறிருக்கக்கூடும் என்று மூன்று மாதமும் ஒரு கணம்கூடத் தோன்றவில்லை.

மூன்றாம் மாத முடிவோடு அந்தப் பெண் நேரிலேயே வந்துவிட்டார்.

"என்னய்யா இது, தண்ணி பன்னீரு மாதிரி இருக்கு? சாக்கடை கலக்குற எடத்துல இப்படி வராதே. எப்படி எடுத்தீங்க, ஒருக்கா செஞ்சு காட்டுங்க."

சற்றுப் பெருமையோடுதான் செய்து காட்டினேன். துணியை மடித்தபோது அவர் படியில் உட்கார்ந்துவிட்டார்.

"சாமிக்கு எடுக்குத மாதிரி எடுத்திருக்கீங்க. இது நோயாளி கையில ரத்தம் எடுக்குத மாதிரி, ஐயா. அதைப் போயி வடிகட்டினா வியாதி எங்கன தெரியும்?"

இந்த முடிவுகள் அப்படியே போனால் மனு தள்ளுபடியாகும் என்றார். அவை ரத்தாகி மறுபடி சோதிக்க வேண்டுமென்றால், நீரைத் தவறாக எடுத்தேன் என்று நான் எழுதிக் கொடுக்க வேண்டும். தூய்மையாக எடுத்ததைத் தவறு என்று எழுத என் கை தயங்கியது உண்மை. ஆனால் அந்தப் படித்துறைக்குக் கீழே குளித்துச் சொறி வந்தவர்களுக்காகத்தான் மனுவையே எழுதியிருந்தேன். படியில் அமர்ந்தபடியே எழுதிக் கொடுத்தேன்.

அண்ணாச்சிக்குச் செய்தி எட்டியதும் கடையை விட்டே வந்தார். "ஏன் வே, நீரு பெருமாளுக்குச் செஞ்ச உபசாரத்தைச் சாக்கடைக்கும் செஞ்சீராக்கும்? இன்னும் மூணு மாசம் சொறிஞ்சுக்கிட்டே கெடக்கணுமா?"



அடுத்த முறை முதலில் புட்டியை எடுத்துக்கொண்டு சாக்கடை கலக்கும் இடத்துக்குக் கீழே இறங்கினேன். வழுக்கும் கசடு காலில் ஒட்டியது. நாற்றத்தில் பாசுரம் நாவில் நிற்கவில்லை. பாதியில் விட்டதை அங்கேயே நின்று மீண்டும் முதலிலிருந்து சொன்னேன். வந்த நீர் வந்தபடியே புட்டியில் நிறைந்தது. பிறகு மேலே சென்று மறுபடி நீராடிக் குடத்தை நிரப்பினேன். மாதம் ஒரு நாள் திருமஞ்சனம் தாமதமாயிற்று. அர்ச்சகர் காரணம் கேட்டுவிட்டு, காத்திருக்கலாம் என்று சொல்லிவிட்டார்.

புதிய முடிவுகள் சென்ற வாரம் வந்தன. குளிக்கத் தகாத நீர் என்று எழுதியிருந்தது. மனு ஏற்கப்பட்டது, குளத்துக்கு இடம் அளக்க ஆட்கள் வந்து போனார்கள். அண்ணாச்சி காகிதத்தை இருமுறை படித்தார்.

"இது நல்ல சேதியா, கெட்ட சேதியா வே?"

எனக்கும் தெரியவில்லை. நாளும் கைகூப்பித் தொழும் நீரைப் பற்றி அப்படியொரு சொல்லை அச்சில் பார்க்கப் பொறுக்கவில்லை; மனு பிழைத்ததில் ஆறுதலும் இருந்தது. குளம் வெட்டி முடிய எத்தனை காலமோ. அதுவரை சாக்கடைக்குக் கீழே எவரும் குளிக்க வேண்டாம் என்று அன்று மாலையே படித்துறைச் சுவரில் எழுதினேன். வரி கோணாமலிருக்க அண்ணாச்சி கயிற்றின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.